சேற்றுக் கோட்டுக்கு மேலே

தண்ணீர் வடிந்த மறுநாள் காலை பின்னறைக் கதவைத் திறக்க முடியவில்லை. கதவு ஊதி, நிலையோடு இறுகிப்போயிருந்தது. தோளால் இடித்துத் திறந்ததும் நெடிதான் முதலில் முகத்தில் அடித்தது. ஆற்றுச் சேறும் ஊறின பலகையும் கலந்த புளிச்ச நெடி. சுவரைச் சுற்றிலும் ஒரே மட்டத்தில் பழுப்பாக ஒரு கோடு. அந்தக் கோடு அப்படியே ஓடி, மூலையில் நின்ற எங்கள் கேம் பெட்டியின் மேலும் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தது. தரையிலிருந்து அரைச் சாண் உயரம்.

2024 ஜூலை கடைசி அது. கே.ஆர்.எஸ். அணை 124.80 அடி முழு நீர்மட்டத்தை எட்டிவிட்டது, குடகில் மழை விடவில்லை, லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் காவிரி இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு சங்கமத்தில் மறுபடி சேருகிற தீவு. அணை திறந்தால் எங்களுக்கு நான்கு பக்கமும் சத்தம் கேட்கும். 1804-இல் கட்டின வெல்லெஸ்லி பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். நிமிஷாம்பா கோயில் படித்துறை தண்ணீருக்குள் போனது. நாங்கள் இருப்பது கஞ்சாம் பக்கம், ஆற்றுக்குச் சரிவாக இறங்குகிற தெருவில் ஒரு பழைய ஓட்டு வீடு. முன்பக்கம் மேடு, பின்னறை பள்ளம். ஒரு ராத்திரியும் மறுநாள் பாதியும் அந்த அறையில் தண்ணீர் நின்றது.

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீரங்கம். ஸ்ரீரங்கப்பட்டணம் என்ற ஆதிரங்கத்தில் வேலை, ஸ்ரீரங்கம் என்ற அந்தியரங்கத்தில் அம்மா. இங்கே வெள்ளம் என்றால் அன்றைக்கே அங்கிருந்து போன் வரும். "அங்க விட்ட தண்ணி இங்க எப்படா வரும்?" என்று அம்மா கேட்பாள். மேட்டூர் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். அந்த வாரம் மேட்டூரும் 120 அடியைத் தொட்டுவிட்டது.

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2020 ஊரடங்கில் வீட்டிலேயே செய்தது. பழைய பள்ளிக்கூட மேசைப் பலகை கொஞ்சம், கடையில் வாங்கிய 18 மில்லி பிளைவுட் ஒன்றரை ஷீட், செகண்ட் ஹேண்டில் வாங்கிய 19 இன்ச் சதுர மானிட்டர், உள்ளே ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி. ஜாய்ஸ்டிக்கும் பொத்தான்களும் பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலிருந்து கூரியரில் வந்தன. நான் அறுக்க, மகள் உப்புத்தாள் தேய்த்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. இடது பக்கப் பலகையில் ஒரு பச்சை டைனோசர் வரைந்தாள். அவள் கைக்கு எட்டின உயரத்தில்தானே வரைய முடியும்? அதனால் டைனோசரின் தலை என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, பாதம் தரையை ஒட்டி.

டைனோசர் ஏன் என்றால் முஸ்தபா. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் வீடியோ கேம் கடையில் நின்றவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். 1993-இல் காப்காம் நிறுவனம் வெளியிட்ட அந்த ஆட்டத்தின் நிஜப் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த 'ஸீனோஸோயிக் டேல்ஸ்' என்ற அமெரிக்கப் படக்கதையிலிருந்து எடுத்தது. நான்கு நாயகர்களில் ஒருவன் முஸ்தபா கெய்ரோ, மஞ்சள் தொப்பிக்காரன். எங்கள் ஊர்ப் பையன்கள் ஆட்டத்துக்கே அவன் பெயரை வைத்துவிட்டார்கள். 1996-இல் 'காதல் தேசம்' படப் பாட்டு வந்து அந்தப் பெயரை எல்லார் வாயிலும் போட்ட பிறகு கேட்க வேண்டுமா? கடைக்குள் நுழையும்போதே ராகம் இழுத்துக்கொண்டு வருவார்கள். அடிக்க ஒரு பொத்தான், குதிக்க ஒரு பொத்தான், அவ்வளவுதான். ஒரு ரூபாய் நாணயத்தில் எத்தனை ஸ்டேஜ் தாண்டினாய் என்பதுதான் அன்றைய மரியாதை. கடைக்காரர் பின்கதவைத் திறந்து, ஒரே ஒரு நீளக் கனெக்டரை உருவி, பழைய போர்டை எடுத்துப் புதுப் போர்டைச் செருகுவதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். அது ஜாம்மா கனெக்டர், 56 பின். 1985-இல் ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் சேர்ந்து வகுத்த பொது அளவு. எந்த நிறுவனத்தின் போர்டாக இருந்தாலும் ஒரே பெட்டியில் ஓடியதற்கு அதுதான் காரணம். இது எனக்குத் தெரிய வந்தது இருபது வருஷம் கழித்து. பெட்டி செய்யும் ஆசை மட்டும் அந்தக் கடை வாசலிலேயே வந்துவிட்டது.

இப்போது அது சேற்றில் நின்றது.

வெள்ளம் வந்த வீட்டில் கேம் பெட்டிக்கு என்ன முறை? அரிசி டிரம், மெத்தை, மகளின் புத்தகங்கள், தையல் மிஷின், சுவர் என்று எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். அது நியாயமும்கூட. மனைவி கணக்கு நோட்டை மூடும்போது சொன்னாள்: "மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரைக்கும் பாருங்க. அதுக்கு மேல இப்ப முடியாது." அந்த மாதத்தில் அதுவே பெரிய தொகை. அவள் தந்ததே பெரிது.

அவள் செய்த இன்னொரு காரியத்தையும் இங்கே எழுத வேண்டும். பின்வாசலில் தண்ணீர் எட்டிப் பார்த்ததுமே மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டாள். பெட்டியின் எலெக்ட்ரானிக்ஸ் பிழைத்தது அதனால்தான். தண்ணீர் பட்டதால் மட்டும் சர்க்யூட் போர்டு சாவதில்லை. தண்ணீருக்குள் மின்சாரமும் ஓடும்போதுதான் செப்புப் பாதைகள் கரைந்து, பச்சையாகப் பூத்து அற்றுப்போகின்றன. மின்சாரம் இல்லாமல் நனைந்த போர்டைப் பெரும்பாலும் மீட்கலாம். அதனால் நனைந்த எதையும் "ஓடுதா பார்ப்போம்" என்று பிளக்கில் செருகவே கூடாது. அந்த ஒரு நிமிஷ ஆசையில்தான் நிறைய பொருள் போகிறது.

முதல் வேலை கழற்றுவது. ஒவ்வொரு ஒயரிலும் ஒட்டுத்தாள் ஒட்டி எண் போட்டு, போனில் படம் எடுத்து, பிறகு உருவினேன். மானிட்டரும் ராஸ்பெர்ரி பையும் மேலே இருந்ததால் தப்பின. கீழ்த் தட்டில் இருந்தவை நான்கு: பவர் சப்ளை, ஸ்பைக் பஸ்டர், ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபையர் போர்டு, பொத்தான்களை யு.எஸ்.பி.க்கு மாற்றுகிற என்கோடர் போர்டு. நான்கிலும் சேறு. (உங்கள் பெட்டியில் பழைய குண்டு பிக்சர் டியூப் மானிட்டர் இருந்தால் தயவுசெய்து நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் குழாய் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். பழைய டி.வி. மெக்கானிக்கிடம் கொடுங்கள்.)

பவர் சப்ளையையும் ஸ்பைக் பஸ்டரையும் நேராகக் குப்பைக்கு அனுப்பினேன். கழுவிக் காயவைத்தால் அவை ஓடவும் கூடும். ஆனால் அவை 230 வோல்ட் பொருள்கள். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுக்குள் போன சேற்றை யாரும் வெளியே எடுக்க முடியாது. குழந்தை கைவைக்கிற பெட்டி. எத்தனை இறுக்கமான பட்ஜெட்டிலும் நான் பேரம் பேசாத இடம் இது ஒன்றுதான்.

மற்ற இரண்டு போர்டுகளும் ஐந்து வோல்ட், பன்னிரண்டு வோல்ட் சமாச்சாரம். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் தருகிற ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கழுவலாம் என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் வெள்ளத் தண்ணீருக்கு அது இரண்டாவது படி. வண்டலையும் உப்பையும் ஆல்கஹால் கரைக்காது. முதலில் பேட்டரிக் கடையில் கிடைக்கிற டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, மறுபடி புதுத் தண்ணீரில் அலசி, அதற்குப் பிறகுதான் ஆல்கஹால். ஆல்கஹால் மிச்சத் தண்ணீரையும் கூட்டிக்கொண்டு ஆவியாகிவிடும். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொன்னவர்கள் நான்கு பேர். அரிசி ஈரத்தை இழுக்கிற வேகம் ரொம்பக் குறைவு, தவிட்டுத்தூள் வேறு இடுக்கில் ஒட்டும். மேசை ஃபேன் முன்னால் ஒரு வாரம் நிற்க வைத்தேன். அது போதும்.

இனி மரம். இதில்தான் எனக்குப் பாடம் இருந்தது.

எங்கள் தெரு மேஸ்திரியைக் கூட்டி வந்தேன். வயது அறுபதுக்கு மேல், பேச்செல்லாம் கன்னடம். பெட்டியைச் சுற்றி வந்தார். விரல் முட்டியால் கீழிருந்து மேலாகத் தட்டினார். கீழே தொப் தொப், மேலே போகப்போக டக் டக். சத்தம் மாறின இடத்தில் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டார். பிறகு குத்தூசியால் அந்தக் கோட்டுக்குக் கீழே அங்கங்கே குத்தினார். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. அவருடைய பென்சில் கோடு சேற்றுக் கோட்டுக்கு அரைச் சாண் மேலே இருந்தது. தண்ணீர் அரைச் சாண்தான் நின்றது, மரம் ஒரு சாண் குடித்திருந்தது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, பலகையின் அறுத்த முனை வழியாக ஈரம் ஏறும். தரையில் நேராக உட்கார்ந்த முனைக்கு நான் பெயின்ட் அடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்று அன்று விட்டது.

நான் அன்றைக்கே அறுத்துவிடலாம் என்றேன். அவர் தலையசைத்தார். "ஒணகலி பிடி சார்."

காயட்டும், விடுங்கள் என்று அர்த்தம். தமிழில் விடு என்றால் கன்னடத்தில் பிடு. தமிழ்ப் 'பிடி' அங்கே 'ஹிடி'. இந்த ஊருக்கு வந்த புதிதில் யாராவது "பிடி" என்றால் நான் கையில் இருப்பதை இன்னும் இறுக்கிப் பிடிப்பேன்.

ஈர மரத்தை அறுத்தால் பிசிறும். வெயிலில் வைத்து அவசரமாகக் காயவைத்தால் மேல் அடுக்கு முதலில் சுருங்கிப் பலகை வளையும், ஒட்டுப் பிரியும். நிழலில், காற்றில், மெதுவாக. பெட்டியைப் படுக்கவைத்து அடியில் இரண்டு ரீப்பர் கட்டை கொடுத்து, ஜன்னலைத் திறந்து வைத்து, ராத்திரியில் மட்டும் ஃபேன். ஆகஸ்ட் மாத ஈரக் காற்றில் எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈரம் அளக்கிற மீட்டர் வாங்கக் காசில்லை. முன்பக்க அடிப்பலகை தனியாகக் கழன்று வந்திருந்தது. அதுவும் அதே பிளைவுட், அதே தண்ணீரில் நின்றது. அதைத் தினமும் காலையில் சமையலறைத் தராசில் வைத்தோம். மகள்தான் நோட்டில் எழுதினாள். முதல் நாள் 1,510 கிராம். வாரம் போனபோது 1,320. பிறகு இறக்கம் நாளுக்கு நாள் குறைந்து, இருபத்து மூன்றாம் நாள் 1,160. அடுத்த மூன்று நாளும் அதே 1,160. எடை இறங்குவது நின்றால் ஈரம் போவது நின்றுவிட்டது என்று அர்த்தம். மேஸ்திரியிடம் நோட்டைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு மகளின் தலையில் கை வைத்தார்.

அந்த மூன்று வாரத்தில் இன்னொன்றும் தெரிந்தது. நனைந்த எல்லாப் பலகையும் ஒன்றல்ல. கீழ்த் தட்டுக்கு நான் போட்டிருந்தது பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசையில் குழைத்து, இயந்திரத்தில் அமுக்கிச் செய்தது. தண்ணீர் பட்டதும் அமுங்கியிருந்த தூள் விரிந்து ரொட்டி மாதிரி ஊதிவிட்டது. காய்ந்த பிறகும் பழைய கனத்துக்கு வரவில்லை, வரவும் வராது. எம்.டி.எஃப். பலகைக்கும் இதே கதைதான். பிளைவுட்டில் பிரிந்தது அடுக்குகளுக்கு நடுவிலுள்ள ஒட்டு. நான் வாங்கியது எம்.ஆர். ரகம், கடைகளில் கமர்ஷியல் பிளை என்பார்கள். எம்.ஆர். என்றால் காற்றின் ஈரத்தைத் தாங்கும், அவ்வளவுதான். தேங்கின தண்ணீரைத் தாங்காது. ஐ.எஸ். 710 என்று முத்திரை குத்தின மரைன் பிளையின் பசை வேறு. 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் கிடந்தும் பிரியக் கூடாது என்பது அதற்கு வைத்த சோதனை. விலை அதிகம்தான், ஆனால் பெட்டி முழுக்க அது வேண்டாம். தரையைத் தொடுகிற கீழ்ப்பகுதிக்கு மட்டும் போதும்.

அதுதான் திட்டம். பென்சில் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே, தரையிலிருந்து பத்து இன்ச்சில், பெட்டியைச் சுற்றிலும் ஒரே நேராக அறுத்து எடுப்பது. அதற்குப் பதிலாக மரைன் பிளையில் எட்டு இன்ச் உயரத்துக்கு ஒரு அடிப்பெட்டி. அதன் நான்கு மூலைக்கும் அடியில் இரண்டு இன்ச் கனமுள்ள கிரானைட் துண்டு. கல்லுக் கடையில் அறுத்துப் போட்ட கழிவு, சும்மா கொடுத்தார்கள். மொத்த உயரம் பழையபடியே இருக்கும், பொத்தான்கள் மகளின் கைக்கு எட்டாமல் போகாது.

ஒரு சிக்கல்தான். டைனோசரின் கால்கள் கோட்டுக்குக் கீழே இருந்தன.

ரம்பத்தை வைக்கும் முன்பு நான் தயங்கினேன். அந்தக் கால்கள் இருந்த மேல் அடுக்கு ஏற்கெனவே பிரிந்து, ஓரத்தில் சுருண்டிருந்தது. பசையை உள்ளே விட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கினால் ஒருவேளை நிற்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் சுருண்ட ஓரத்தை நகத்தால் தொட்டார், அது பொடியாக உதிர்ந்தது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "அறுங்கப்பா. கால் நான் மறுபடி போடறேன்," என்றாள். ஒன்பது வயதுக்காரி சொன்னாள், நான் அறுத்தேன்.

அடிப்பெட்டியை ஒட்டவில்லை. இது மேஸ்திரியின் யோசனை, இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். மேல்பெட்டிக்குள் ரீப்பர் கட்டைச் சட்டம் அடித்து, அடிப்பெட்டியோடு நான்கு போல்ட் மட்டும். நட்டு கையாலேயே திருகுகிற வகை, ஸ்பானர் வேண்டாம். கழற்றினால் இரண்டு பேர் மேல்பெட்டியைத் தனியாகத் தூக்கிவிடலாம். பவர் சப்ளை, போர்டுகள், ஸ்பீக்கர் எல்லாம் இப்போது இடுப்பு உயரத் தட்டில். அறுத்த ஒவ்வொரு முனையும் முதலில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலைக் குடித்தது, பிறகு பிரைமர், பிறகு இரண்டு பூச்சு எனாமல். அடிமுனைக்கு மூன்று பூச்சு. பெட்டியின் ஓரத்துக்கு வெளிநாட்டில் டி வடிவ பிளாஸ்டிக் பட்டை போடுவார்கள். கார் ஆக்சஸரீஸ் கடையில் கதவு ஓரத்துக்கென்று விற்கிற பீடிங் அதே வேலையைச் செய்கிறது.

பொத்தான்களுக்கு வெள்ளம் எட்டவில்லை, ஆனால் ஒரு மாத ஈரக் காற்றில் மைக்ரோ ஸ்விட்ச் சில விக்கின. ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு நூறு தடவை அமுக்கியதில் பெரும்பாலானவை திரும்பி வந்தன. ஐந்து மட்டும் மாற்றினேன். ஜாய்ஸ்டிக் பலகையின் இரும்புத் தகட்டுக்கு எர்த் ஒயர் கொடுத்தேன். முதலில் செய்தபோதே கொடுத்திருக்க வேண்டியது.

கணக்கு கேட்பீர்கள். மரைன் பிளைத் துண்டுகள் 900, ரீப்பர் 180, பசை 220, பிரைமரும் எனாமலும் 340, பவர் சப்ளை 350, ஸ்பைக் பஸ்டர் 260, ஸ்பீக்கர் ஜோடி 300 (பழையதின் காகிதக் கூம்பு ஈரக் காற்றில் கிழிந்துவிட்டது), ஆல்கஹால் 220, டிஸ்டில்டு வாட்டர் 60, பீடிங் 140, ஸ்விட்ச் 75, போல்ட் நட்டு 90. பெங்களூரு போன அலுவலக நண்பர் எஸ்.பி. ரோட்டில் வாங்கி வந்ததால் எலெக்ட்ரானிக்ஸ் மலிவாக முடிந்தது. மேஸ்திரி கூலி வேண்டாம் என்றார். சண்டை போட்டு 300 கொடுத்தேன். ஆக 3,435. மிச்சம் அறுபத்தைந்து ரூபாயை மனைவியிடம் திருப்பிக் கொடுத்தேன், அவள் அதை நோட்டில் வரவு வைத்தாள்.

செப்டம்பர் கடைசி ஞாயிறு சாயங்காலம் ஸ்விட்சைப் போட்டோம். மேஸ்திரியும் பேரனோடு வந்திருந்தார். அந்தப் பையன் முஸ்தபாவைத் தேர்ந்தெடுத்து முதல் ஸ்டேஜிலேயே மூன்று உயிரையும் விட்டான். மறுபடி ஆடினான். மகள் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, புது அடிப்பெட்டியில் கால்கள் வரைந்துகொண்டிருந்தாள். ஐந்து வயதில் போட்ட உடம்பு உருண்டையாக இருக்கும். ஒன்பது வயதில் போட்ட கால்களில் நகம், மடிப்பு, நிழல் எல்லாம் உண்டு. பச்சையும் சரியாகப் பொருந்தவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம், 2025-இல், கே.ஆர்.எஸ். ஜூன் மாதமே நிரம்பிவிட்டது. வழக்கமாக அதற்கு ஜூலையாவது ஆகும். செய்தி கேட்டதும் மனைவி அரிசி டிரம்மை முன்னறைக்கு நகர்த்தினாள், நான் பின்னறைக்குப் போய் நான்கு நட்டையும் கழற்றினேன். மேல்பெட்டியை இருவருமாகத் தூக்கி முன்னறைக் கட்டில் மேல் வைக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அம்மாவின் போன் வந்தது. "அங்க விட்ட தண்ணி இங்க எப்படா வரும்?" பதில் சொல்லிக்கொண்டே பார்த்தேன். கட்டில் மேல் காலில்லாத டைனோசர். பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று மகள் பிளக் பாயின்ட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.